மலைச்சரிவா, சுண்ணக்கல் தரையா? நகர விளிம்பில் ஒரு தன்னிறைவுக் குடியிருப்பு

நெருக்கமான நகரொன்றின் ஓரத்தில் நீரையும் காய்கறியையும் தானே தேடிக்கொள்ளும் குடியிருப்பை அமைக்க மலைச்சரிவே உகந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மலையே இல்லாத, சுண்ணக்கல் தரையான யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பக்கம் அப்படியொன்றை அமைக்க விரும்புவோர் கண்டிப் பக்கத்துச் சரிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

சரிவின் பெரிய வசதி நீரழுத்தமாகும். வீட்டைவிட 10 மீற்றர் உயரத்தில் உள்ள தொட்டி, பம்பு இல்லாமலே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தரும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் நாம் அதற்கு உயரமான தண்ணீர்த் தாங்கி கட்டி, மின்சாரம் செலவழித்து நீரை ஏற்ற வேண்டும். பயிர்ச்செய்கையில் நிலைமை தலைகீழானது. 30 பாகைச் சரிவில் 5 மீற்றர் அகலத் தளம் வெட்டினால் அதன் பின்னால் ஏறக்குறைய 3 மீற்றர் உயர மண்சுவர் நிற்கும். அதைத் தாங்கும் செலவில், கோப்பாய் அடங்கிய வலிகாமப் பகுதியில் ஒரு செம்மண் தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஆயினும் இரு இடங்களிலும் வடிவமைப்பைத் தீர்மானிப்பது கழிவுநீரே. சரிவில் ஊறவிடும் நீர் மண்ணைப் பாரமாக்கி அதன் பிடிப்பைக் குறைக்கும். கடும் மழையில் 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. யாழ்ப்பாணத்தில் தரை சரியாது. ஆனால் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக மலக்குழி நீர் கிணற்றை அடைகிறது. தோட்டப் பசளையும் சேர்ந்துகொள்வதால், உலக சுகாதார நிறுவனம் வகுத்த குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற நைத்திரேற்று (மலக்கழிவிலும் பசளையிலும் இருந்து நீரில் சேரும் உப்பு) எல்லையை வலிகாமக் கிணறுகள் பல தாண்டியுள்ளன.

ஆகவே, ஆளுக்கு இரண்டு பரப்பு வளவு, தனிக் கிணறு, தனி மலக்குழி என்ற நமக்குப் பழகிய அமைப்பை நான் ஏற்கமாட்டேன். இரண்டு பரப்பு ஏறத்தாழ 500 சதுர மீற்றர்தான். நம் குழியைத் தள்ளி வெட்டினால் அது அயலவர் கிணற்றை நெருங்கும். வீடுகளை ஒருபுறம் நெருக்கமாகக் கட்டி, கழிவுநீரை, கசியாதபடி அடிப்பகுதி பூசிய பொது வடிகட்டும் பாத்தியில் சுத்திகரித்து, மிகுதிச் செம்மண்ணைத் தோட்டமாக விடுவதே மேல். குடிநீருக்குக் கிணற்றை நம்பாமல் கூரை மழைநீரைச் சேர்க்கலாம். 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்து, ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் 96,000 லீற்றர் கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் போதுமென்றால், ஒன்பது மாத வறட்சியைக் கடக்க 14,000 லீற்றர்த் தொட்டி போதுமானது. குளிப்புக்கும் தோட்டத்துக்கும் கிணறு இருக்கட்டும்.

பொதுப் பாத்தியை யார் பராமரிப்பது என்ற கேள்வி எழும். கிணற்றுப் பங்கையும் வாய்க்கால் பங்கையும் காணி உறுதியில் (நில உரிமைப் பத்திரத்தில்) எழுதும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. பாத்தியின் பங்கையும் செலவையும் அவ்வாறே, வீடு கைமாறினாலும் விலகாதபடி, உறுதியில் சேர்க்கலாம்.