பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் மினி டிராக்டர்: ஆயிலை மாற்றுவதா, பம்பைப் பிரிப்பதா, கியருக்கே திரும்புவதா?

வேலூர் வட்டாரத்தில் மினி டிராக்டர் என்றால் பெரும்பாலும் கியர் வண்டிதான். பெடலை அழுத்தும் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி இங்கே அபூர்வம். அப்படியொன்றைப் பழையதாக வாங்கியவர், காலையில் ஒழுங்காக இழுத்த வண்டி வெயில் ஏறியதும் மேட்டில் திணறுகிறது என்று பட்டறைக்குப் போனால், அவருக்கு மூன்று யோசனைகள் கிடைக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்க்கலாம், பம்பைப் பிரிக்கலாம், அல்லது வண்டியைத் தள்ளிவிட்டுக் கியர் வண்டி வாங்கலாம். இவற்றில் எது பொருந்தும் என்பதை வண்டி காட்டும் அறிகுறியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் யோசனை மலிவானது என்பதால் எல்லோரும் அதையே முதலில் செய்கிறார்கள்; பல சமயம் அது சரியும்கூட. இந்த வண்டியில் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுழற்றுகிறது, பம்ப் தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் சக்கரத்தை ஓட்டுகிறது. இவை இரண்டுக்கும் ஓயாமல் ஆயில் ஊட்டுவதற்கு ஒரு சிறிய சார்ஜ் பம்ப் இருக்கிறது. ஃபில்டர் அடைத்தாலோ, ஆயில் மட்டம் இறங்கினாலோ, உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று புகுந்தாலோ சார்ஜ் பம்ப் பட்டினி கிடக்கும். வண்டி ஊளையிடும், வெட்டி வெட்டி நகரும். சேடை (நீர் தேக்கிய வயலில் சேற்றுழவு) ஓட்டிய வண்டியாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மட்டக்கோலை உருவினால் ஆயில் மோர் போல வெளுத்திருக்கும். இந்த அறிகுறிகளுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, தண்ணீர் புகுந்த வழியை அடைப்பது, ஆயில் கூலரில் படிந்த வைக்கோல் தூசை ஊதி எடுப்பது ஆகியவையே முழு வைத்தியம். கழற்றிய பழைய ஃபில்டரை வீசிவிடாமல் அறுத்துப் பார்ப்பது நல்லது. காகித மடிப்புகளுக்கிடையில் பித்தளை நிறத்தில் மினுக்கும் துகள்கள் நிறைய இருந்தால், உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதே யோசனையின் கெட்ட வடிவம் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கையேடு சொல்லும் ஆயிலை விட்டுவிட்டுக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், தேய்ந்த பம்பின் உள்கசிவு சிறிது குறைந்து, சூட்டிலும் வண்டி இழுப்பதுபோல் தோன்றும். ஆனால் குளிர்ந்த நிலையில் அந்த ஆயிலை சார்ஜ் பம்பால் சரியாக உறிஞ்ச முடியாது. தேய்மானம் மேலும் விரைவுபடும். விற்பவர் இதைச் செய்திருக்கலாம் என்பதால், வாங்கப் போகிறவர் விடியற்காலையில், எஞ்சின் சூடேறாதபோதே, முதல் ஸ்டார்ட்டில் ஊளைச் சத்தம் வருகிறதா என்று தம் காதால் கேட்பது நல்லது.

பம்பைப் பிரிப்பது இரண்டாவது. இதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் இழுவை குறைந்து மறு திசையில் நன்றாக இருந்தால், பெரும்பாலும் இழுவை குறைந்த திசைக்குரிய வால்வு அழுக்கில் சிக்கியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். அதற்காக மொத்தப் பம்பையும் பிரிக்க வேண்டியதில்லை. பெடலை விட்ட பிறகும் வண்டி மெல்ல ஊர்ந்தால் அநேகமாகப் பெடலைப் பம்போடு இணைக்கும் லிங்கேஜின் நியூட்ரல் (வண்டி நகராத நிலை) சரிகட்டலே குறை. இரு திசையிலும், சூடான பிறகு மட்டும், ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்கும்போதே இழுவை விழுந்தால்தான் பம்பும் மோட்டாரும் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். அப்போது இன்னொரு முறை ஆயில் மாற்றுவது வீண் செலவு. கியர் பெட்டி மட்டுமே பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் இதை ஒப்படைப்பதைவிட, பொக்லைன் பம்ப் பார்க்கும் ஹைட்ராலிக் பட்டறைக்குக் கொண்டுபோவதே என் தேர்வு; அங்கும் இதேபோன்ற பிஸ்டன் பம்புகளைத்தான் பிரிக்கிறார்கள், தூசியில்லாத மேசையின் அருமையும் அவர்களுக்குத் தெரியும். உதிரிப் பாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பிரிப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரித்துப் போட்ட வண்டிக்குப் பேரம் பேசும் வலு இல்லை.

மூன்றாவது யோசனையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஹைட்ரோஸ்டாட்டிக்கில் எஞ்சின் சக்தியின் ஒரு பங்கு ஆயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் நாள் முழுவதும் ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கும், டிரெய்லரில் கரும்பு ஏற்றுபவருக்கும் இது பாதகம். கியர் வண்டியின் கிளட்ச் தட்டு தேய்ந்தால் ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் திரும்புகிறவருக்கும், லோடர் மாட்டி எரு அள்ளுகிறவருக்கும் கியர் வண்டியில் கிளட்ச் மிதித்தே கால் ஓய்ந்துபோகும். அவர் பம்புக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. இன்னும் வாங்காதவர், முன்பணம் கொடுக்கும் முன் வண்டியைச் சுமையோடு ஒரு மணி நேரமாவது ஓட்டி, சூடேறிய பிறகு ஒரு மேட்டில் முன்னும் பின்னும் ஏற்றிப் பார்க்க வேண்டும்; அங்கே திணறினால் பம்ப் செலவு முழுவதையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.