கொழும்பில் ஒரு பெற் ஸ்கேன் சேவை: என் மதிப்பீடு

நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் என் அக்காவை அண்மையில் கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றுக்குப் பெற் ஸ்கேன் (PET: உடலில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் சேரும் இடங்களைப் படமாக்கும் பரிசோதனை) எடுக்க அழைத்துச் சென்றேன். குளுக்கோசை ஒத்த மூலக்கூறொன்றில் புளோரின்-18 என்னும் கதிரியக்க அணுவை இணைத்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். புற்றுக்கலங்கள் பெரும்பாலும் அதைக் கூடுதலாக உள்வாங்குவதால், கட்டி எங்கே இருக்கிறது என்பதோடு, சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருப்பது உயிர்ப்புள்ள நோயா, வெறும் தழும்பா என்பதையும் பெரும்பாலும் பிரித்தறிய முடிகிறது. இதுவே இப்பரிசோதனையின் பெரும்பயன்.

தாதியரின் கவனம் மனதுக்கு நிறைவளித்தது. குருதியில் சீனியின் அளவைச் சோதித்த பின்னரே ஊசி ஏற்றினார்கள். அசையும் தசைகளும் மருந்தை உறிஞ்சிவிடும் என்று விளக்கி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் பேசாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். குளிரில் கழுத்துப் பக்கத்தில் உள்ள, உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பும் படத்தில் ஒளிர்ந்து குழப்பும் என்பதால் போர்வையும் தந்தார்கள்.

குறை முன்னறிவித்தலில்தான். புளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகத் தேய்வதால் நேரம் தவறக் கூடாது. அப்படியிருக்க, ஆறு மணிநேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பதை முதல்நாள் இரவில்தான் தெரிவித்தார்கள். அன்று கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் சில மணிநேரம் விலகியிருக்க வேண்டும் என்பதையோ நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். கட்டணமும் அதிகம்.

காசநோய் போன்ற தொற்றும் அழற்சியும்கூடப் படத்தில் ஒளிரும். மிகச் சிறிய கட்டிகளோ தப்பிவிடக்கூடும். ஆகையால் அறிக்கையை நீங்களாகவே வாசித்துக் கலங்காமல், பழைய ஸ்கேன் படங்களுடன் உங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.