டிபி-யில் இருக்கும் பெண்களே, எல்ஓசி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் கணவரின் எம்ப்ளாய்மென்ட் பாஸை வைத்து டிபெண்டன்ட் பாஸில் (டிபி, குடும்பத்தினருக்கான அனுமதி அட்டை) வந்திருக்கும் பெண்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். வேலைக்குப் போக எல்ஓசி என்ற அரசு ஒப்புதல் கடிதத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லி, சிராங்கூன் சாலைப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். எல்ஓசி வரவில்லை. அவர் சொன்ன வழியில் அது வரவே வராது என்பது பணத்தை எண்ணி வாங்கும்போதே அவருக்குத் தெரியும்.

முதலில் சட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2021 மே 1-க்கு முன்பு வரை டிபி-யில் இருப்பவருக்கு ஒரு நிறுவனம் வேலை கொடுக்க முன்வந்தால், மனிதவள அமைச்சிடம் எல்ஓசி-க்கு விண்ணப்பித்தால் போதும். ஒரு நிறுவனம் இத்தனை வெளிநாட்டு ஊழியரைத்தான் வைக்கலாம் என்ற ஒதுக்கீட்டில் அந்த ஆள் சேரமாட்டார், வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற தீர்வையும் கிடையாது. அதனால் சின்னச் சின்ன அலுவலகங்களும் டியூஷன் சென்டர்களும் நம்மைப் போன்றவர்களை விரும்பி எடுத்தன. அந்தத் தேதியிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. இப்போது நமக்கென்று தனியாக எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வொர்க் பர்மிட்டோ, அதாவது ஏதாவதொரு வேலை அனுமதி அட்டை கிடைத்தால்தான் வேலை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி, அதற்கு மேல் ஒதுக்கீடு, லெவி. கோயம்புத்தூரில் ஆடிட்டர் ஆபீஸில் வருடக்கணக்கில் கணக்கு பார்த்த எனக்கு இங்கே ஒரு சிறிய நிறுவனம் அவ்வளவு கொடுத்து பாஸ் எடுக்குமா? படித்த படிப்பும் செய்த வேலையும் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற அந்த வேதனையை வைத்துத்தான் இவர் சம்பாதிக்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

அவர் நம்பவைத்த விதத்தைச் சொல்கிறேன். செல்போனில் ஒரு ஒப்புதல் கடிதத்தைக் காட்டினார். போன வருடத் தேதி, மேலே அமைச்சின் பெயர், ஆளின் பெயர் மட்டும் மறைத்திருந்தது. “போன வருஷம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன் தங்கச்சி, நீங்க கவலையே படாதீங்க” என்றார். கடிதம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கணவர் சிங்கப்பூர் குடிமகன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணந்து நீண்டகால வருகை அட்டையில் இருப்பவர்கள் இன்றும் எல்ஓசி வாங்கி வேலை செய்யலாம். அதே பெயர் கொண்ட கடிதம், ஆனால் ஆட்கள் வேறு, விதி வேறு. யாராவது இப்படி ஒரு கடிதத்தைக் காட்டினால், அதில் இருப்பவர் எந்த அட்டையில் இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

டிபி-யில் இருப்பவருக்கு எல்ஓசி அடியோடு இல்லாமலும் போகவில்லை. சொந்தமாகத் தொழில் நடத்துகிறவருக்கு உண்டு. கம்பெனி என்றால் அதில் இயக்குநராக இருந்து குறைந்தது 30 விழுக்காடு பங்கு வைத்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. உள்ளூர்க்காரர் ஒருவரையாவது அரசு வகுத்த குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலைக்கு வைத்து, மூன்று மாதமாவது அவருக்கு சிபிஎஃப் என்ற சேமநிதி கட்டியிருக்க வேண்டும். இவர் 30 விழுக்காட்டை மட்டும் சொன்னார். மற்றதைச் சொல்லவே இல்லை. என் பெயரில் 30, அவருடைய உறவினர் ஒருவர் பெயரில் 70 என்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் அதற்கான கட்டணம் 315 வெள்ளிதான். என்னிடம் வாங்கியது 2,800.

அப்புறம் அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையும் என் சிங்பாஸ் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்க ஆரம்பித்தார். “ஒவ்வொரு தடவையும் உங்களை அலையவிட வேண்டாமேன்னு பார்க்கிறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதைக் கொண்டு உங்கள் பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அடுத்து வந்ததுதான் ஆபத்தானது. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை இருக்கிறது, மாதம் 1,800 வெள்ளி, உங்கள் கம்பெனி பெயரில் பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். எல்ஓசி என்னாச்சு என்று கேட்டேன். “அப்ளை பண்ணியாச்சு, வர்ற வரைக்கும் சும்மா போய்ட்டு வாங்க” என்றார். நான் போகாமல் மனிதவள அமைச்சிலேயே விசாரித்தேன். அந்தக் கம்பெனி பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை. அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சொந்தத் தொழிலுக்கு எல்ஓசி கிடைத்தாலும் அது அந்தத் தொழிலுக்கு மட்டும்தான், இன்னொருவர் கடையில் போய் வேலை செய்ய அது செல்லாது. மாட்டியிருந்தால் சிக்குவது நானும் அந்தக் கடைக்காரரும். இவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

ரசீதையும் தந்திரமாகவே எழுதியிருந்தார். உரிமம் பெற்ற வேலை முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது. அந்த வரம்புக்குள் வராமல் இருக்க “கம்பெனி ஆலோசனைக் கட்டணம்” என்று போட்டிருந்தார். உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் இணையதளத்தில் தேடினேன். அவர் பெயரும் இல்லை, அலுவலகத்தின் பெயரும் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே யாரும் இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் வழக்குப் போட்டேன். தொகை 5,000 வெள்ளிக்குள் இருந்தால் நம்மைப் போன்ற வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீல் வைக்கவும் முடியாது, நாமே பேசலாம். சமரசப் பேச்சில் 1,500 வெள்ளி திருப்பித் தர ஒப்புக்கொண்டார். பாதி வந்திருக்கிறது.

கம்பெனியை மூடுவதுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பதிவிலிருந்து நீக்க அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் இயக்குநர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். இருப்பது நாங்கள் இரண்டு பேர், அந்த உறவினர் போனையே எடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தாமதமானால் 300 வெள்ளியிலிருந்து அபராதம் தொடங்கும் என்பதால் அதையும் நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதே மாதிரி பணம் கொடுத்த வேறு பெண்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். டிரிபியூனலில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. படிவம் நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், என் படிவத்தை அனுப்பி வைக்கிறேன்.