தள்ளு கேட் மாட்டி மூன்றரை வருடம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஆட்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் குறைந்தது மூன்று தடையைத் தாண்ட வேண்டும். தெருப்பக்கம் மோட்டார் கேட், வாசலில் மடக்கி இழுக்கும் இரும்புக் கிராதி, அதற்குப் பின்னால் மரக்கதவு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வேறு. இப்படிப்பட்ட வீட்டுக்குள் இன்னும் ஒரு கேட் மாட்டப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டார்கள்: "ஏம்ப்பா, திருடன் அடுப்படி வரைக்கும் வந்துட்டானா?"

வந்துதான் இருந்தான். எங்கள் வீட்டு நாய், பெயர் மணி, எடை 23 கிலோ.

2022 ஜனவரியில் நடந்தது அது. உடன் வேலை பார்ப்பவர் உம்புமலாங்கா மாகாணத்தில் இருக்கும் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு பை மக்காடமியா கொட்டை கொண்டு வந்து கொடுத்தார். உலகத்திலேயே அதிகமாக மக்காடமியா விளைவிக்கும் நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று, அதனால் இங்கே இப்படிப் பை பையாக வரும். ஓடு நீக்கிய பருப்பு. சமையலறை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பை தரையில் கிடக்கிறது, மணி உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறான். எவ்வளவு தின்றான் என்று தெரியவில்லை, இரண்டு கைப்பிடியாவது இருக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்குப் பின்னங்கால்கள் நிற்கவில்லை. முன்னங்கால் நடக்கிறது, பின்பக்கம் குடிகாரனைப் போலச் சரிகிறது. வாந்தி, நடுக்கம். மக்காடமியா நாய்க்கு ஆகாது என்று எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாம் நாள் காலையில் எழுந்து வாலை ஆட்டினான். அதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் சமையலறையை ஒரு நாயின் உயரத்திலிருந்து பார்த்தேன். தரையில் வெங்காயக் கூடை. கீழ்த் தட்டில் பூண்டு, பாயசத்துக்கு வாங்கிய திராட்சை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். "நம்ம ஊர்ல நாய்க்கு சாம்பார் சாதம்தான போட்டோம், என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த நாய்கள் எத்தனை வருடம் இருந்தன என்று நாங்கள் யாரும் எண்ணியதில்லை.

எங்கள் வீடு டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில். சமையலறைக்கும் நடைக்கும் நடுவில் நிலை மட்டும் உண்டு, கதவு கிடையாது, அதை முன்பு இருந்தவர்கள் கழற்றிவிட்டார்கள். இந்த நாட்டில் கதவின் பொது அளவு 813 மில்லிமீட்டர், நிலையும் அதற்கேற்ற அகலம்தான். முதலில் ஸ்க்ரூ இல்லாமல் இரண்டு பக்கமும் இறுக்கி நிறுத்தும் கேட் ஒன்று வாங்கினோம். அதற்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி உண்டு, தாண்டித்தான் போக வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்றாவது நாளே கால் தட்டிக் காபி டம்ளரோடு நடையில் விழப் பார்த்தார்கள். திறக்கும்போது அது பிரிட்ஜில் வேறு இடித்தது. ஒரு வாரத்தில் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. சுருட்டி இழுக்கும் வலைக் கேட்டை நண்பர் வீட்டில் பார்த்தேன், நகத்தால் பிராண்டி ஓரத்தில் ஓட்டை போட்டிருந்தது அவர்கள் வீட்டு நாய். மிச்சம் இருந்தது, பக்கவாட்டில் தள்ளினால் சக்கரத்தில் ஓடும் தள்ளு கேட் மட்டும்தான்.

பிப்ரவரி கடைசியில் மாட்டினோம். அலுமினியச் சட்டம், 90 செ.மீ. உயரம், செங்குத்துக் கம்பிகள். (படுக்கைக் கம்பி வைத்த கேட்டை வாங்காதீர்கள், நாய்க்கு அது ஏணி.) அடியில் இரண்டு சக்கரம், தரையில் மெல்லிய டிராக், பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி அது போய் நிற்க ஓர் இடம், அங்கே சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைட். எதிர் நிலையில் காந்தம். பெட்டியில் இருந்த வழிகாட்டித் தாளில் அரை மணி நேர வேலை என்று போட்டிருந்தது. எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது, அதில் பாதி பிரிட்ஜை நகர்த்த. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: தள்ளு கேட்டுக்கு வாசல் அகலம் போக, கேட் முழுவதும் ஒதுங்கி நிற்கச் சுவரில் இன்னொரு கேட் அளவு காலி இடம் வேண்டும். அங்கே ஸ்விட்ச் போர்டோ அலமாரியோ இருந்தால் கதை முடிந்தது.

டிராக்கை ஒட்ட இரண்டு பக்கமும் பசை வைத்த டேப் கொடுத்திருந்தார்கள். டர்பன் கோடைக்கு அது தாங்காது. இங்கே பிப்ரவரி, மார்ச்சில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மூன்றே வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. கழற்றிவிட்டு ஸ்க்ரூ போட்டேன். டைல்ஸில் ஓட்டை போடும்போது மேலே ஒரு பேப்பர் டேப் ஒட்டி, டைல்ஸுக்கான பிட் போட்டு, டிரில்லில் ஹாமர் அடியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்றவிட வேண்டும். அவசரப்பட்ட முதல் ஓட்டையில் ஒரு டைல் விரிசல் விட்டது. இன்றும் அதன் மேல்தான் மிதியடி கிடக்கிறது.

சக்கரங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேட்டின் ஆயுள் முழுக்க அதில்தான் இருக்கிறது. மாட்டி ஆறு வாரத்தில், ஏப்ரல் 11, 12இல், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தையே புரட்டிப்போட்ட அந்த வெள்ளம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் வீட்டில் பின்வாசல் வழியாக ஒரு விரல்கடை தண்ணீர் வந்ததோடு சரி, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டைக் கழுவித் துடைத்தோம், டிராக்கை மறந்துவிட்டோம். ஜூனில் கேட் கிறீச்சிட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் சக்கரத்துக்குள் இருந்த இரும்பு பேரிங் துருப்பிடித்துச் செங்கல் நிறமாகியிருந்தது. விற்ற கடையில் உதிரிச் சக்கரம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில், ஜன்னலுக்குப் போடும் நைலான் சக்கரமே அளவாகப் பொருந்தியது, எவர்சில்வர் பேரிங்கோடு. நான்கு வாங்கினேன். இரண்டு போட்டேன், இரண்டு டிராயரில். இந்த மாதிரி கேட் வாங்குகிறவர்கள் கம்பியையும் பெயின்ட்டையும் பார்க்க வேண்டாம், கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைப் பாருங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கடல் எங்களுக்கு ரொம்பப் பக்கம். ஸ்க்ரூ போட்ட இடங்களைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்தது. இரண்டு வகை உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஸ்க்ரூவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் கொடுத்த பிறகு நின்றது.

அப்புறம் டிராக்கில் சேரும் சாமான்கள். நாய் முடி, அரிசி, கடுகு, மகளின் பென்சில் சீவல். கடுகு ஒன்று போதும், சக்கரம் ஏறி நின்றுகொள்ளும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். முதலில் தெரியாமல் தேங்காய் எண்ணெய் விட்டேன், முடியெல்லாம் அதில் ஒட்டித் திரி மாதிரி ஆகிவிட்டது. காய்ந்து நிற்கும் சிலிக்கோன் ஸ்பிரே போதும், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

இனி மணியின் பக்கம். காந்தத்தை அவன் பதினோரு நாளில் வென்றான். கீல் வைத்துத் திறக்கும் கேட்டாக இருந்தால் நாய் நேராக முட்டும், கொண்டி தாங்கும். தள்ளு கேட்டில் பக்கவாட்டில் ஒரு மூக்கு போதும். கம்பி இடுக்கில் மூக்கை வைத்து ஒரு நெட்டு. இதில் அம்மாவின் பங்கும் உண்டு. அவன் வழியில் படுத்துக் கிடக்கும்போதெல்லாம் "தள்ளுடா, தள்ளு" என்பார்கள். அவன் எழுந்து நகர்வதற்குப் பதில் கேட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். நாய்க்குத் தமிழ் நன்றாகத் தெரிகிறது, அர்த்தம்தான் ஒன்று தவறிவிட்டது என்றாள் மகள். இருபது ரேண்ட் கொக்கி ஒன்று மேல் ஓரத்தில் போட்டேன். அதை ஒரு கையால் தூக்கிவிட்டே தள்ளலாம், இன்னொரு கையில் தட்டு இருந்தாலும். அன்றிலிருந்து அவனால் திறக்க முடியவில்லை. எங்களால்தான் பூட்ட மறக்க முடிகிறது.

மூடிய நிலையில் கேட்டின் ஒரு ஓரம் மட்டும்தான் கைடில் இருக்கும். அதனால் 23 கிலோ அதன் மேல் முன்னங்காலைப் போட்டு நின்றால் நடுவில் வளைந்து ஆடும். எதிர் நிலையில் காந்தத்துக்குக் கீழே 'ப' வடிவத்தில் ஒரு அலுமினியத் துண்டு அடித்து, கேட் அதற்குள் போய் உட்காருவதுபோல் செய்தேன். இதைத் தயாரித்தவர்களே செய்திருக்கலாம்.

பூனை சுந்தரியைப் பற்றி ஒரே வரி: 90 செ.மீ. அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பூனைக்காக இந்தக் கேட்டை வாங்க நினைப்பவர்கள் காசை மிச்சப்படுத்தலாம். ஆனால் அவள் சாப்பாட்டுத் தட்டு சமையலறையில் நிம்மதியாக இருக்கிறது, மணி எட்ட முடியாது. குரங்கு விஷயத்திலும் எதிர்பாராத லாபம். இங்கே முகம் கறுத்த வெர்வெட் குரங்குகள் ஜன்னல் வழியாக வந்து வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தூக்கும். முன்பெல்லாம் மணி பாய்வான். குரங்கின் கோரைப்பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சண்டையில் ஜெயிப்பது நாயாக இருக்காது. இப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குரைக்கிறான். குரங்கு மேஜையில் உட்கார்ந்து தோலை உரித்துவிட்டுத்தான் போகிறது.

2023இல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று முறை கரண்ட் போகும். தெருக் கேட் பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்த ராத்திரிகளிலும் இது கையால் தள்ள ஓடியது. ஆனால் கறுப்பு பெயின்ட். இருட்டில் தெரியாது. என் முழங்காலில் பட்ட அடிக்குப் பிறகு மேல் சட்டத்தில் வெள்ளை டேப் ஒட்டினோம்.

கேட்டுக்கு வந்த பெரிய சோதனை 2024 புனித வெள்ளி. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அன்று எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். எங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள், காலையிலிருந்து இரவு வரை. கேட் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று தெரியாது. யாரோ ஒரு பையன் அதன்மேல் ஏறி நின்று சவாரி செய்திருக்கிறான், மாலையில் ஒரு சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. டிராயரில் இருந்தது உதவியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அன்றைக்கும் விடவில்லை. "சாமி விளக்கு எரியுற வீட்டுக்குள்ள நாயி எதுக்கு, யார்டுல போடு" என்று இங்கேயே பிறந்து வளர்ந்த தன் தமிழில் சொன்னார். ஆடியில் அவர் கொண்டுவந்து தரும் கஞ்சியில் ஒரு கரண்டி மணிக்கும் போகிறது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

அதே வருடம் தீபாவளி அக்டோபர் 31. ஐந்து நாள் கழித்து 'கை ஃபாக்ஸ்' என்கிற ஆங்கிலேயர் வழி வெடித் திருநாள். அந்த வாரம் முழுக்க வெடி. முதல் நாள் ராத்திரி பெரிய வெடி ஒன்று வெடித்ததும் மணி நடையிலிருந்து ஓடிவந்து கேட்டில் மோதினான். சட்டம் உள்பக்கம் வளைந்துவிட்டது, நல்லவேளை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு கேட்டின் மீது இல்லை, என் மீதுதான். பயந்த நாயை நிறுத்த இது செய்யப்படவில்லை. மறுநாளிலிருந்து இருட்டியதும் அவனைப் படுக்கையறையில் விட்டு, ஜன்னல் கதவைச் சாத்தி, திரை இழுத்து, மின்விசிறியை வேகமாக வைத்துக் கூடவே யாராவது உட்கார்ந்தோம். சட்டத்தை அந்தப் பட்டறைக்காரர் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

சாமி அறை வாசலிலும் இதே மாதிரி ஒன்று போடலாமா என்று மனைவி கேட்டாள். அங்கே வேண்டாம் என்றேன். தரையில் விளக்கு எரிகிற இடத்தில் மூக்கால் ஆட்டக்கூடிய எதுவும் கூடாது, மரக்கதவுதான் சரி. அது போட்டாயிற்று. சமையலறைக்கு மட்டும் இது கெட்டுப்போனால் திரும்பவும் தள்ளு கேட்டேதான் வாங்குவேன். ஆனால் வெள்ளை நிறத்தில், கொக்கியை முதல் நாளே போட்டு. டிராயரில் இப்போது ஒரு சக்கரம்தான் இருக்கிறது, அடுத்த வாரம் பட்டறைக்குப் போக வேண்டும்.