ஹெட்போன் இரைச்சலுக்கு ரூ.4,800 அழுதேன், நீங்களாவது ஏமாறாதீர்கள்

இப்போது ராத்திரி 11 மணி. இன்று சாயங்காலம்தான் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். ஆறப் போட்டால் நானே விட்டுவிடுவேன், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். கடைப் பெயரைப் போட முடியாது. கையில் ஒழுங்கான பில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கும் வருகிறேன். மதுரையில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, அவ்வளவுதான்.

ஆடியோவைக் கேட்டு டைப் செய்து கொடுப்பது என் வேலை. தினம் ஏழெட்டு மணி நேரம் ஹெட்போன் காதில்தான் இருக்கும். மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்ட வாரத்தில் 'ங்ங்ங்' என்று வண்டு குடைவது போல ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. எதையும் ஓடவிடாவிட்டாலும் அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன், அதே சத்தம். "சார்ஜரைக் கழற்றினா சத்தம் நிக்குதே" என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும்.

கடைக்குள் போனதும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். முருகன் படம், ஊதுபத்தி, சுவர் நிறைய கழற்றிய போர்டுகள். அந்தத் தம்பி என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். அங்கே இரைச்சலே வரவில்லை! நான் கொண்டுபோன சார்ஜரைத்தான் அவர்களுடைய பிளக்கில் சொருகியிருந்தார்கள், அப்படியும் வரவில்லை. நானே அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சூடானாத்தாண்ணே வரும். சவுண்ட் ஐசி போயிட்டு இருக்கு. இப்படியே ஓட்டினா போர்டே போயிரும்" என்றார். சவுண்ட் ஐசி என்றால் போர்டில் சத்தத்தைக் கவனிக்கிற சிப்பாம். போர்டு போனால் 15,000 ஆகும் என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். அந்த 15,000-க்கு முன்னால் 4,800 எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. அங்கேதான் விழுந்தேன்.

ஐசிக்கு 3,200, கூலி 1,600. "பாதி கேஷா குடுங்கண்ணே, பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துரும்" என்றார். 2,000 ஜிபேயில், 2,800 கையில். கடை கார்டின் பின்னால் 'ஆடியோ ஐசி, 4800 பெய்டு' என்று பேனாவில் கிறுக்கிக் கொடுத்தார். அதுதான் என்னுடைய பில்.

மூன்று நாள் கழித்து வாங்கி வந்து பேட்டரியில் போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. மனசு குளிர்ந்துபோய் அவருக்கு நன்றி சொல்லி மெசேஜ் வேறு போட்டேன். ராத்திரி சார்ஜரைச் சொருகினேன். 'ங்ங்ங்'.

மறுநாள் போன் செய்தால் "ஓனர் வெளியே போயிருக்காரு". அடுத்த நாள் "சாப்பிடப் போயிருக்காரு". நேரில் போனேன். "ஐசிக்குத்தான் வாரண்டி, இது வேற கம்ப்ளைன்ட்" என்றார்கள். கழற்றிய பழைய ஐசியைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். சார்ஜரை செக் பண்ண இன்னொரு 1,500 ஆகுமாம். 4,800 வாங்கும்போது இனித்த 'அண்ணே' அன்றைக்கு 'சார்' ஆகிவிட்டது.

உண்மை வெளியே வந்தது நேற்றுதான், அதுவும் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனால். லேப்டாப் மேல் கை வைத்தவர், "என்னப்பா, சுர்ருனு இருக்கு?" என்று கேட்டுவிட்டு நேராக என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றினார். மேசையை மாற்றியபோது தெருமுனைக் கடையில் வாங்கியது. மேலே மூன்று ஓட்டை. உள்ளே ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். பச்சை வயரே இல்லை. எர்த் ஓட்டை சும்மா பேருக்கு இருந்திருக்கிறது. சார்ஜருக்குள் உண்டாகிற இரைச்சல் எர்த் வழியாக இறங்க வேண்டும். அந்த வழி இல்லாததால் லேப்டாப் பாடியில் ஏறி, ஹெட்போன் வயரில் கேட்டிருக்கிறது. லேப்டாப்பின் இரும்புப் பாகத்தை விரலால் தொட்டுக்கொண்டு கேட்கச் சொன்னார். தொட்டால் சத்தம் குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது. அவ்வளவு நாள் என் விரல் நுனியில் இருந்திருக்கிறது விடை. பச்சை வயரோடு புது வயர் போட்டு, சுவர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று பல்பு வைத்துப் பார்த்து, எல்லாம் சேர்த்து 220 ரூபாய் வாங்கினார். இரைச்சல் போச்சு. கடையில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது: அவர்கள் பிளக்கில் எர்த் இருந்திருக்கிறது.

வயிறு எரிந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருக்கிற ரப்பர் கால்களைப் பிடுங்காமல் என் மாடலைத் திறக்க முடியாது, இரண்டு ஸ்குரூ அதற்குள்தான். ரப்பரைச் சுற்றி ஒரு வருஷத்து அழுக்கு கோடு போட்ட மாதிரி அப்படியே இருக்கிறது. திறக்கவே இல்லை! திறக்காத லேப்டாப்புக்கு 4,800. அந்த போட்டோவை அனுப்பியதற்குத்தான் இன்று பிளாக்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எல்லாம் மறந்துவிட்டது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை கேளுங்கள். சத்தம் நின்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். எர்த்தை வெட்டிவிட்டு மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அந்தக் குட்டி அடாப்டர் சனியனைத் தூக்கி எறியுங்கள். பேட்டரியிலும் 'உஸ்' என்று கேட்டால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்ரோஃபோன் பூஸ்ட் ஏறியிருக்கிறதா, மைக் சத்தத்தை ஹெட்போனுக்கே அனுப்புகிற 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நீட்டாதீர்கள், பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் அந்தக் கார்டையும் ஜிபே ரசீதையும் வைத்துக்கொண்டு கூப்பிடப் போகிறேன். 2,000-க்காவது கணக்கு இருக்கிறது.

மூன்று நாள் வேலை தேங்கிக் கிடக்கிறது. ஒரு ஃபைலை 9 மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.