குத்துமதிப்புக்கு ஒரு கணக்குப்பிள்ளை: ஸ்க்ரமோடு ஒன்பது வருடம்

போன வாரம் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, எங்க டீம்ல அடுத்த மாசத்துலேர்ந்து ஸ்க்ரமாம். நல்லாருக்குமா?" எலெக்ட்ரானிக் சிட்டியில் அவனுக்கு இது முதல் வேலை. சாஃப்ட்வேர் வேலையைச் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்துச் செய்யும் முறைதான் ஸ்க்ரம், அதில் ஒரு தவணைக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். கேட்ட நேரம்தான் சரியில்லை. மூன்று மணி நேர ஸ்பிரின்ட் பிளானிங் முடிந்து, பெல்லந்தூர் நெரிசலில் கேப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே எழுதியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆறப்போட்டு எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை என்பதும் உண்மை.

இரண்டு வார ஸ்பிரின்ட், காலையில் எல்லோரும் கூடிப் பேசும் பதினைந்து நிமிட ஸ்டாண்ட்அப், கடைசி நாள் டெமோ, அப்புறம் வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. இதையெல்லாம் ஒரு மதியத்தில் படித்துவிடலாம். விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பு பதினைந்து பக்கத்தைத் தாண்டாது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்துவிட்டால் மறந்துபோகும்.

ஸ்க்ரமுக்கு முன்னால் நான் இருந்த ப்ராஜெக்டில் பதினொரு மாதம் எழுதி, கடைசியில் கஸ்டமரிடம் காட்டினோம். "நாங்க கேட்டது இது இல்லையே" என்றார்கள். கையெழுத்துப் போட்ட டாக்குமென்டைக் காட்டினோம். அதில் எங்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது, ஆனால் அதை வைத்து என்ன செய்வது? இப்போது நான் செய்வது குடோன் சாஃப்ட்வேர். இதன் இரண்டாவது டெமோவில், பாதி கூட முடியாத திரையைப் பார்த்துவிட்டு குடோன் சூப்பர்வைசர் அம்மா ஒன்று கேட்டார்: "எங்க பசங்க கையுறை போட்டுட்டுத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க. இவ்வளவு சின்ன பட்டனை எப்படி அமுக்குவாங்க?" எங்கள் பத்து பேரில் ஒருவருக்கும் கையுறை ஞாபகம் வரவில்லை. நாலாவது வாரமே தெரிந்ததால் ஒரு நாள் வேலையோடு போயிற்று. பதினொன்றாவது மாதம் தெரிந்திருந்தால் எல்லாத் திரையையும் கலைத்து அடுக்கியிருக்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே ஸ்க்ரமுக்குக் கோயில் கட்டலாம்.

இனி ஸ்டோரி பாயின்ட்.

பெங்களூரில் யாரிடமாவது "சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. "காலையிலயா, சாயங்காலமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தூரம் ஒன்றுதான், ஆகும் நேரம்தான் வேறு. ஸ்டோரி பாயின்ட் என்பது அந்தத் தூரம். இந்த வேலை அந்த வேலையைவிடப் பெரிதா, சிறிதா என்று ஒப்பிட்டுச் சொல்லும் குத்துமதிப்பு, அவ்வளவே. 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள் தாவித் தாவிப் போவதும் அதனால்தான். பெரிய வேலையில் 11-ஆ 12-ஆ என்று பிரித்துச் சொல்ல எந்த மனிதனாலும் முடியாது.

இதை ஜேம்ஸ் கிரெனிங் 2002-இல் சொன்ன பிளானிங் போக்கர் முறையில் சீட்டு வைத்து ஆடினால் நிஜமாகவே பயன் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றக்கூடாது. ஒருமுறை "டெலிவரி முகவரியைத் திருத்தும் வசதி" என்று ஒரு டிக்கெட், அதாவது பட்டியலில் ஒரு வேலை. நாங்கள் எல்லோரும் 3 காட்டினோம். சேர்ந்து இரண்டு மாதமான பெண் 13 காட்டினாள். சிரித்துவிட்டுக் காரணம் கேட்டோம். ஏற்கெனவே அச்சான இன்வாய்ஸில் பழைய முகவரி இருக்கிறதே, அதை என்ன செய்வது என்றாள். சிரிப்பு நின்றது. அந்த 13 என்ற எண்ணை அன்று மாலையே தூக்கிப் போட்டிருந்தாலும் நஷ்டமில்லை. அது கிளப்பிய பேச்சுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் எண்ணை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அது எக்செல்லுக்குள் போகிறது. போன கையோடு "ஒரு பாயின்ட் என்றால் ஒரு நாள்தானே?" என்று ஒரு குரல் கேட்கும். இந்த ஒன்பது வருடத்தில் நான் பார்த்த மூன்று ஆபீஸிலும் அந்தக் குரல் கேட்டது. பிறகு டீம்களை ஒப்பிடுவது. ஒரு ஸ்பிரின்டில் முடித்த பாயின்ட்டின் கூட்டுத்தொகைக்கு வெலாசிட்டி என்று பெயர். "அவங்க வெலாசிட்டி 52, உங்களுது ஏன் 30?" அவர்கள் குத்துமதிப்பு அவர்களுடையது, எங்களுடையது எங்களுடையது. ஒரு வீட்டு டம்ளர் எண்ணிக்கையை அடுத்த வீட்டுச் சொம்பு எண்ணிக்கையோடு ஒப்பிடுகிற மாதிரிதான் இது. சொல்லிப் பார்த்தோம். அப்புறம் எல்லா டீமும் செய்வதையே நாங்களும் செய்தோம்: டம்ளரைச் சின்னதாக்கினோம். முந்தின வருடத்து 3 இந்த வருடம் 8 ஆயிற்று. வேலை அதே வேலை. தீபாவளி வாரத்தில் பாதி டீம் மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போயிருந்தது. திரும்பி வந்ததும் முதல் கேள்வி, கிராஃப் ஏன் சரிந்தது என்று.

இதில் வேடிக்கை, ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே கிடையாது. பாயின்ட் வந்தது எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற இன்னொரு முறையின் பக்கத்திலிருந்து. குறுக்கீடே இல்லாத "ஐடியல் நாள்" கணக்கில் மூன்று என்று சொன்ன வேலை நிஜத்தில் ஒன்பது நாள் எடுக்கும், மேலே இருப்பவர்கள் குழம்புவார்கள். குழப்பம் வேண்டாமென்று நாளை எடுத்துவிட்டுப் பாயின்ட் என்றார்கள். 2001-இல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடி, இந்த மாதிரி முறைகளுக்கெல்லாம் பொதுவான கொள்கையாக அஜைல் அறிக்கை எழுதிய 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், பாயின்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்று பின்னாளில் எழுதினார். செய்தவரே மன்னிப்புக் கேட்ட பொருளை நாங்கள் தினமும் துடைத்து வைத்துக் கும்பிடுகிறோம். 2011-இல் கைடைத் திருத்தியபோது, ஸ்பிரின்டுக்கு எடுக்கும் வேலையை "கமிட்மென்ட்" என்பதை விட்டு "ஃபோர்காஸ்ட்" என்று மாற்றினார்கள். எங்கள் பிளானிங்கில் இன்றைக்கும் கேட்கும் கேள்வி: "எவ்வளவு கமிட் பண்றீங்க?"

நாலு மாதம் பாயின்ட் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தோம். எல்லா வேலையையும் இரண்டு மூன்று நாளில் முடிகிற துண்டாக நறுக்கி, முடிந்த டிக்கெட்டை மட்டும் எண்ணினோம். எப்போது முடியும் என்று சொன்னதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிளானிங் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு மேலே இருப்பவர்கள் பார்க்கும் டேஷ்போர்டுக்கு வேண்டும் என்று, டிக்கெட்டில் பாயின்ட் போடும் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இப்போது எல்லா டிக்கெட்டுக்கும் 3 போடுகிறோம். போன காலாண்டு மீட்டிங்கில், வெலாசிட்டி சீராக இருக்கிறது என்று எங்களைப் பாராட்டினார்கள். நான் கைதட்டினேன்.

தம்பிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், முடிந்தால் தப்பித்துக்கொள், முடியாவிட்டால் டெமோவை மட்டும் விடாதே. "அப்ப நீங்க மட்டும் ஏன் ஒன்பது வருஷமா இதுலயே இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். நாளைக்கு டெமோ. அந்த சூப்பர்வைசர் அம்மா வருகிறார், முடிந்ததும் எழுத வேண்டும்.