கிட் நிறுவ எது நல்லது: விண்டோஸ் நிறுவியா, டெஸ்க்டாப் செயலியா?

அக்கா மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டைக் கல்லூரியில் கற்கச் சொல்லிவிட்டார்கள் என்று மடிக்கணினியோடு வந்து நின்றாள். பயந்த பிள்ளையாயிற்றே என்று, கட்டளை தட்டாமல் பொத்தான்களை அழுத்தியே கிட்டைப் பயன்படுத்த உதவும் கிட்ஹப் டெஸ்க்டாப் செயலியை நிறுவிக் கொடுத்தேன். பத்தே நாளில் ‘கிட் ஃபார் விண்டோஸ்’ நிறுவியையும் இறக்க வேண்டியதாயிற்று. இனி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் நிறுவச் சொல்வேன்.

இரண்டும் இலவசம். டெஸ்க்டாப் செயலி அதிகம் கேள்வி கேட்காது, தானே புதுப்பித்துக்கொள்ளும், மாறிய வரிகளைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் நிறுவி முடித்ததும் அவர்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி, ‘சரியாக வந்துவிட்டதா?’ என்பது. கட்டளைச் சாளரத்தில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் கறுப்புச் சாளரம்) கிட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளை ஒட்டி வெர்ஷன் என்று சேர்த்து என்டர் அழுத்தினால் பதிப்பு எண் வர வேண்டும். பெரும்பாலான பாடங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. டெஸ்க்டாப் செயலியோ தனக்கான கிட்டைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கட்டளைச் சாளரத்துக்கு அது தெரியாது. அவளுக்கு, அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதில்தான் வந்தது. செயலியில் குறை இல்லை, அதன் அமைப்பே அப்படி. “எதையோ கெடுத்துவிட்டேனா மாமா?” என்று கேட்டபோது அவள் முகம் வாடியிருந்தது. இந்தப் பயத்தை முதல் நாளே கொடுக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே வாதம்.

விண்டோஸ் நிறுவியில் பத்துக்கும் மேற்பட்ட திரைகள் வரும். பெரும்பாலானவற்றில் இருப்பதை அப்படியே விட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்தலாம். குறிப்பு எழுதுவதற்கான எடிட்டர் எது என்று கேட்கும் திரையில் மட்டும் நில்லுங்கள். அங்கே விம் என்ற எடிட்டர் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை மாற்றி நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். மாற்றாமல் விட்டால், குறிப்பு எழுதாமல் கமிட் செய்யும் (மாற்றங்களைக் கிட்டில் பதியும்) முதல் தடவையே இடது ஓரத்தில் அலைக்குறிகள் வரிசையாக நிற்கும் ஒரு திரை வரும். எதைத் தட்டினாலும் போகாது. மாட்டிக்கொண்டவர்கள் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, சிறிய கியூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் கொடுத்தால் வெளியே வரலாம். கமிட் நடந்திருக்காது, கோப்புகளுக்கும் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று: நிறுவும்போது திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து சோதியுங்கள். பழைய சாளரத்துக்குப் புதிய கிட் தெரியாது. அவளும் நானும் இதில் கால் மணி நேரம் தடுமாறினோம்.

விண்டோஸ் நிறுவி வழியாக வந்த கிட்டைப் புதுப்பிக்கும் வேலை நம்முடையது. அந்த ஒன்றில் டெஸ்க்டாப்பே மேல். மேக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே முனையத்தில் கிட் என்று தட்டினாலே, இல்லாவிட்டால் நிறுவட்டுமா என்று கேட்கிறது.

டெஸ்க்டாப்பை அவள் நீக்கவில்லை. கமிட் செய்வதற்கு முன் மாறிய வரிகளை அதில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். கட்டளைகளைத் தட்டுவது கறுப்புச் சாளரத்தில்.